ஹால் காத்தாடியை 5-ல் வைத்தாலும் காற்றே இல்லை, கெப்பாசிட்டர் மாற்றியும் அப்படியேதான்

பெர்ஜுந்தை பையன்:

வணக்கம். அம்மா வீட்டு ஹால் காத்தாடியைப் பற்றி ஒரு கேள்வி. வீடு சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தையில், அதாவது இப்போது பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று போட்டிருக்கும் ஊரில். தோட்டத்தை விட்டு வெளியே வந்தபோது வாங்கிய ஒரு மாடி தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. காத்தாடி 60 அங்குலம், மூன்று இறக்கை, சுவரில் 1 முதல் 5 வரை திருகும் ரெகுலேட்டர். குடி வந்த நாளிலிருந்து ஓடுகிறது, பதினைந்து வருடம் தாராளமாக இருக்கும்.

5-ல் வைத்தால் மற்ற வீடுகளில் 2-ல் வைத்த மாதிரி சுற்றுகிறது. நேர் கீழே நின்று முகத்தைத் தூக்கினால் லேசாக ஏதோ படுகிறது, சோபா பக்கம் நகர்ந்தால் அதுவும் கிடையாது. மதியம் ஹாலில் படுக்க முடியாமல் அம்மா வாசல் கதவைத் திறந்து வைத்து அங்கே பாய் போட்டுக்கொள்கிறார். சமையலறையில் இதே கம்பெனி, இதே மாடல், ஒரே நாளில் மாட்டியது, அது இன்றைக்கும் சட்டி மூடி பறக்கிற அளவுக்கு வீசுகிறது.

பக்கத்தில் ஒரு வயர்மேனைக் கூப்பிட்டோம். கெப்பாசிட்டர் வீக் என்று புதிது போட்டார், 60 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார். முன்பு ஸ்விட்ச் போட்டால் முக்கி முனகிக் கிளம்பும், இப்போது உடனே கிளம்புகிறது, கண்ட பலன் அவ்வளவுதான். மறுபடி போன் போட்டதற்கு, மோட்டார் காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், போய்விட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள் என்கிறார். கெப்பாசிட்டர் இல்லையென்றால் காயில்தானா? வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா? புதிது வாங்கத் தயக்கம் இல்லை, ஆனால் தேவையில்லாமல் வாங்கவும் மனசு இல்லை.

பழைய சார்ஜ்மேன்:

தம்பி, முப்பது வருடம் செம்பனை ஆலையில் மோட்டாரோடு மல்லுக்கட்டியவன் சொல்கிறேன், முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள். மெதுவாகச் சுற்றுவது ஒரு நோய், நன்றாகச் சுற்றியும் காற்று வராதது வேறு நோய். நீ இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கேட்டிருக்கிறாய். வேகமே இல்லை என்றால் வோல்டேஜ், ரெகுலேட்டர், கெப்பாசிட்டர், பேரிங், கடைசியாகக் காயில் என்று தேட வேண்டும். வேகம் இருந்து காற்று இல்லை என்றால் மோட்டாரைத் தொடவே தேவையில்லை, இறக்கையையும் சுற்றும் திசையையும் சீலிங் இடைவெளியையும் பார்த்தால் போதும்.

வேகத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்லாதே. 60 அங்குலக் காத்தாடி முழு வேகத்திலும் சோம்பேறித்தனமாகத்தான் தெரியும், அறையில் மாட்டும் சின்னதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். உன் கைப்பேசியில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் இருக்கிறதா பார். ஓர் இறக்கை நுனியில் கலர் டேப் ஒட்டு, 5-ல் ஓடவிட்டு ஒரு நிமிடம் கழித்து வீடியோ எடு. டேப் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வர எத்தனை படம் ஆகிறது என்று ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணு. 14400-ஐ அந்த எண்ணால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது வந்துவிடும். 60 படம் என்றால் 240 சுற்று. சமையலறைக் காத்தாடிக்கும் இதையே செய். ஒரே மாடல் இரண்டு இருப்பது உனக்கு அதிர்ஷ்டம், சரியான வேகம் என்ன என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அப்புறம் திசை. கீழிருந்து ஓர் இறக்கையை மட்டும் பார். சுற்றும் பக்கம் முன்னால் போகிற விளிம்பு சீலிங்கை நோக்கி உயர்ந்தும், பின்னால் வருகிற விளிம்பு தாழ்ந்தும் இருந்தால் காற்று கீழே இறங்கும். தாழ்ந்த விளிம்பு முன்னால் போனால் காற்றெல்லாம் சீலிங்குக்குத்தான். இதை ஏன் கேட்கிறேன் என்றால், காத்தாடி மோட்டாரில் இரண்டு சுருள் இருக்கும், கெப்பாசிட்டர் அதில் எதோடு தொடராக நிற்கிறதோ அதைப் பொறுத்துத்தான் சுற்றும் திசை. மாற்றும்போது வயரை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும், சத்தம் வராது, சூடும் ஏறாது, பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. உன் கதையில் வயர்மேன் வருவதற்கு முன்பே குறை இருந்தது என்கிறாய், அதனால் இது மட்டுமே காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் பார்த்துவிடு, பார்ப்பதற்குக் காசு இல்லை.

ரெகுலேட்டர்: பழைய காயில் பெட்டியானாலும் சரி, கெப்பாசிட்டர் வைத்த புது ரகமானாலும் சரி, 5 என்பது பெரும்பாலும் நேர் லைன், குறுக்கே எதுவும் கிடையாது. 5-லேயே மெதுவாக இருந்தால் ரெகுலேட்டர் மேல் எனக்குச் சந்தேகம் கம்மி. 1 முதல் 4 வரை ஒரே வேகம், 5 மட்டும் சரி என்றால் அப்போது ரெகுலேட்டரைப் பிடி. உள்ளே தொடுமுனை கருகியிருந்தால் 5-லும் குறையும், பெட்டி சுடும், வாடை வரும். இரண்டு அறையிலும் ஒரே ரகம் என்பதால் இடம் மாற்றிப் பார்த்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும், ஆனால் அதை லைசென்ஸ் உள்ளவர் செய்யட்டும்.

பேரிங் பார்ப்பது எளிது. பிரேக்கரை இறக்கிவிட்டு இறக்கையைக் கையால் மெல்லத் தள்ளு. தானாகச் சில சுற்று ஓடி மெதுவாக நிற்க வேண்டும். பிரேக் பிடித்த மாதிரி சட்டென்று நின்றாலோ மணல் அரைக்கிற மாதிரி கைக்குத் தெரிந்தாலோ பேரிங் முடிந்தது.

காயில் போனால் மெதுவாக ஓடுவதோடு நிற்காது. மோட்டார் கை வைக்க முடியாதபடி சுடும், உறுமும், வார்னிஷ் கருகும் வாடை வரும். அது எதுவும் இல்லாமல் காயில் என்று சொல்பவரிடம் எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேள்.

ஏணி ஏறுவதற்கு முன் சுவர் ஸ்விட்சை மட்டும் நம்பாதே, மெயின் பெட்டியில் பிரேக்கரை இறக்கு. கெப்பாசிட்டர் சின்னதுதான், ஆனால் மின்சாரம் நின்ற பிறகும் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும். அந்த அடியில் ஆள் சாவதில்லை, உதறி ஏணியிலிருந்து விழுவதுதான் ஆபத்து.

ஈஜோக் அக்கா:

சார்ஜ்மேன் அண்ணன் மோட்டாரிலேயே நின்றுவிட்டார், நான் இறக்கைக்கு வருகிறேன். தம்பி, கடைசியாக இறக்கையின் மேல்பக்கத்தை எப்போது பார்த்தீர்கள்? கீழிருந்து பார்த்தால் வெள்ளையாகத்தான் தெரியும். எங்கள் வீடு செம்மண் ரோட்டை ஒட்டி, செம்பனைக் குலை லாரி நாள் முழுக்கப் போகும். அந்தப் புழுதி, வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை, தாளிக்கிற எண்ணெய் ஆவி மூன்றும் சேர்ந்து இறக்கையின் முன் விளிம்பில் கறுப்பாகப் பட்டை கட்டிவிடும், விரலால் தேய்த்தாலும் வராது. இறக்கையின் சாய்வும் வளைவும்தான் காற்றைத் தள்ளுவது, அந்த விளிம்பு முரடாகப் போனால் எவ்வளவு சுற்றியும் பலன் குறையும். பழைய தலையணை உறையை இறக்கைக்கு உறை மாதிரி மாட்டி இழுத்தால் குப்பை உள்ளேயே விழும், சோபாவில் கொட்டாது. அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி. அழுத்தித் தொங்காதீர்கள், இறக்கையின் சாய்வு மாறிவிட்டால் காற்றும் போகும், ஆட்டமும் வரும்.

இன்னொன்று. வீட்டில் சீலிங் ஏதாவது புதிதாகப் போட்டீர்களா? இப்போது எல்லாரும் பிளாஸ்டர் சீலிங், ஓரத்தில் விளக்கு என்று இறக்கிக் கட்டுகிறார்கள், காத்தாடி தொங்குகிற ராட் மட்டும் பழைய நீளத்திலேயே நிற்கிறது. இறக்கைக்கு மேலே இடம் இல்லாவிட்டால் அது எங்கிருந்து காற்றை எடுக்கும்?

கேஎல் மச்சான்:

பதினைந்து வருடக் காத்தாடிக்கு இவ்வளவு பாடமா? தூக்கிப் போட்டுவிட்டு டிசி மோட்டார் வாங்குங்கள் பாஸ். ரிமோட், சத்தம் இல்லை, கரண்ட் பாதிதான். நான் மூன்று அறைக்கும் மாற்றிவிட்டேன்.

பழைய சார்ஜ்மேன்:

மச்சான், டிசி நல்ல சாமான்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. பழையது 70 வாட் பக்கம் இழுக்கும், டிசி அதில் பாதி. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் மாதத்துக்குப் பத்து யூனிட் சொச்சம் மிச்சம். அதற்காக முந்நூறு நானூறு வெள்ளி கொடுப்பதா என்பது அவரவர் கணக்கு. ஆனால் அதற்குள்ளே ஒரு எலக்ட்ரானிக் போர்டு இருக்கிறது. நம் பக்கம் மாலையானால் விழுகிற இடி எப்படி என்று கேஎல்லில் இருக்கிற உனக்கும் தெரியும். போர்டு போனால் ஐந்து வெள்ளிக் கெப்பாசிட்டர் வாங்கி ஓட்ட முடியாது. வாங்குவதானால் தரத்துக்கான சிரிம் ஸ்டிக்கரும் மின்சிக்கனத்துக்கான நட்சத்திர ஸ்டிக்கரும் பார்த்து வாங்கு. தம்பியின் காத்தாடிக்கு என்ன நோய் என்றே இன்னும் தெரியவில்லை, அதற்குள் அடக்கம் செய்யக் கிளம்பாதே.

ரப்பர் மரத்தடி:

பேரிங்கில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுப் பாருங்கள். என் தாத்தா லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அப்படித்தான் செய்வார்.

ஈஜோக் அக்கா:

தாத்தா காலத்துக் காத்தாடிக்கு எண்ணெய் விடும் ஓட்டை இருந்தது, மெஷின் எண்ணெய் விட்டார்கள். இப்போது இருப்பது மூடிய பேரிங், உள்ளே கிரீஸ் அடைத்து வருகிறது. தேங்காய் எண்ணெய் உள்ளே போகாது, போனால் நாள்பட்டுப் பிசினாகிவிடும். மிச்சம் சோபாவில் சொட்டும். துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயும் வேண்டாம், அது இருக்கிற கிரீஸையும் கழுவி எடுத்துவிடும். பேரிங் போனால் மாற்றுவதுதான் வழி, பழையதன் மேல் 6202 அல்லது 6201 மாதிரி எண் பொறித்திருக்கும், அதே எண் வாங்கினால் போதும்.

பெர்ஜுந்தை பையன்:

எல்லாருக்கும் நன்றி. சார்ஜ்மேன் அண்ணே, நீங்கள் சொன்னபடியே செய்தேன். சமையலறைக் காத்தாடி ஒரு சுற்றுக்கு 60 படம். ஹால் காத்தாடி 92. அதாவது அது 240, இது 156 சுற்று. ஆக உண்மையிலேயே மெதுவாகத்தான் ஓடுகிறது.

திசை சரி, உயர்ந்த விளிம்புதான் முன்னால் போகிறது. கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு ஓடி மெதுவாக நிற்கிறது, சத்தம் இல்லை. ஒரு மணி நேரம் ஓடவிட்டு பிரேக்கரை இறக்கி மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பு, கை வைக்க முடிகிறது. ரெகுலேட்டரில் 5-லிருந்து இறக்க இறக்க வேகம் ஒழுங்காகக் குறைகிறது.

அக்கா, சீலிங் விஷயம் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? தீபாவளிக்குப் போட்டோம். முன்பு பத்து அடி உயரம், இப்போது ஒன்பது. இறக்கைக்கும் சீலிங்குக்கும் நடுவில் அரை அடிதான் இருக்கிறது. இறக்கை மேல்பக்கம் நீங்கள் சொன்னபடியே தார் பூசிய மாதிரி.

இப்போது முக்கியமான விஷயம். மேலே மூடியைத் தளர்த்திப் போட்டோ எடுத்தேன். வயர்மேன் போட்ட புதுக் கெப்பாசிட்டரில் 1.5 மைக்ரோஃபாரட் (அதன் கொள்ளளவு) என்று இருக்கிறது. சமையலறையில் பார்த்தால் 2.5. அவர் கழற்றிய பழையதை அம்மா தூக்கிப் போடாமல் வைத்திருந்தார், அதிலும் 2.5 என்றுதான் அச்சு. டவுனில் ஹார்ட்வேர் கடைத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) கொடுத்தேன், மீட்டரில் வைத்து 1.2 காட்டுகிறது என்றார். இந்த வித்தியாசம் இவ்வளவு செய்யுமா?

பழைய சார்ஜ்மேன்:

செய்யும் தம்பி, இதுதான் உன் நோய். 2.5 இருந்த இடத்தில் 1.2 ஆகத் தேய்ந்துபோனதை எடுத்துவிட்டு 1.5 போட்டிருக்கிறார். கிளம்புவது கொஞ்சம் சுலபமானதும், வேகம் பெரிதாக ஏறாததும் அதனால்தான். பையில் அன்றைக்கு 1.5 தான் இருந்திருக்கும். காயில் கதை அதற்குப் பிறகு வந்தது.

ஏன் என்று கேட்டாய். வீட்டுக்கு வருவது ஒற்றை பேஸ் மின்சாரம். அதை ஒரே சுருளுக்குக் கொடுத்தால் காந்தப்புலம் முன்னும் பின்னும் துடிக்குமே தவிரச் சுழலாது. இரண்டாவது சுருளுக்குக் கெப்பாசிட்டர் வழியாகக் கொடுக்கும்போது அதில் ஓடும் மின்சாரம் முன்கூட்டியே எழுகிறது, இரண்டும் மாறி மாறி இழுக்கும்போதுதான் புலம் சுழல்கிறது, இறக்கையும் கூடவே போகிறது. கெப்பாசிட்டர் சிறியதானால் இரண்டாவது சுருள் பெயருக்கு இழுக்கிறது. ஊஞ்சலை ஒருவர் பலமாகவும் இன்னொருவர் விரல் நுனியாலும் தள்ளுகிற மாதிரி. முழுக்கச் செத்துவிட்டால் வெறுமனே உறுமும், கையால் தள்ளிவிட்டால்தான் கிளம்பும்.

அது எப்படித் தேய்கிறது என்றால், உள்ளே இருப்பது பிளாஸ்டிக் படலத்தின் மேல் மெல்லிய உலோகப் பூச்சு. படலத்தில் எங்காவது பொத்தல் விழுந்தால் அந்த இடத்து உலோகம் மட்டும் ஆவியாகிப் பொத்தல் தானே அடைபடும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பரப்பு போகிறது, பரப்பு போனால் கொள்ளளவு போகிறது. சூட்டில் இது வேகமாக நடக்கும். தகரக் கூரைக்கு அடியில் மதியம் சீலிங் ஒட்டி என்ன சூடு இருக்கும் என்று உனக்கே தெரியும். அதனால் பல வருடம் ஓடிய காத்தாடி மெதுவானால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

போய் 2.5 வாங்கு, அதற்குக் கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். வோல்டேஜ் 400 அல்லது 450 ஏசி என்று போட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வருவது 230 தானே, 250 போதாதா என்று கடையில் கேட்பார்கள். போதாது, சுருளோடு சேரும்போது கெப்பாசிட்டருக்கு இரு பக்கமும் நிற்கும் வோல்டேஜ் லைனைவிட அதிகம்.

பெரிதாக 3.5, 4 போட்டால் ராக்கெட் மாதிரி சுற்றும் என்று ஒருவர் வந்து சொல்லுவார், கேட்காதே. வேகத்துக்கு மேல் வரம்பு ஒன்று இருக்கிறது, அது மோட்டாரில் எத்தனை காந்தத் துருவம், லைன் எத்தனை ஹெர்ட்ஸ் என்பதைப் பொறுத்தது. நம்முடையது 50 ஹெர்ட்ஸ், 18 துருவ மோட்டார் என்றால் 333 சுற்று, அதைத் தாண்டவே முடியாது, காற்றின் எதிர்ப்பால் அதற்குக் கீழேதான் நிற்கும். அளவுக்கு மீறிப் போட்டால் இரண்டாவது சுருளில் மின்சாரம் கூடி மோட்டார் சுடும், உறுமும், அப்போது நிஜமாகவே காயில் போகும்.

லயத்துக்காரன்:

அண்ணே, குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் வீடு இன்னும் தோட்டத்து லயத்தில்தான். இரவு ஏழிலிருந்து பத்து வரை வீட்டில் உள்ள எல்லாக் காத்தாடியும் மெதுவாகிறது, அதற்குப் பிறகு தானாகச் சரியாகிவிடுகிறது. கெப்பாசிட்டர் எல்லாம் மாற்றிப் பார்த்தாகிவிட்டது. அந்தக் காலத்தில் தோட்டத்து ஜெனரேட்டர் பத்து மணிக்கு நிற்கும், இப்போது பத்து மணிக்கு மேல்தான் கரண்டே நன்றாக இருக்கிறது!

பழைய சார்ஜ்மேன்:

எல்லாக் காத்தாடியும் ஒரே நேரத்தில் சோர்ந்தால் காத்தாடியைத் திட்டாதே, லைனைப் பார். எல்லாரும் வேலை முடிந்து வந்து குளிக்கிற ஹீட்டர், சோற்றுப் பானை, ஏர்கோன் என்று போடுகிற நேரம் அது. 2008-லிருந்து நம் மலேசியாவில் கணக்கு 230 வோல்ட், மேலே 10 சதவீதம் கீழே 6 சதவீதம் வரை விடலாம், அதாவது 253-க்கும் 216-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அதற்கு முன்பு 240 என்று சொல்லி வந்தோம். பிளக்கில் செருகினால் எண் காட்டுகிற சின்ன வோல்ட் மீட்டர் கடையில் கிடைக்கிறது, அதை வாங்கி எட்டு மணிக்கு ஒரு தடவை, நடு இரவில் ஒரு தடவை பார். வயரைக் குத்திப் பார்க்கிற வேலை வேண்டாம்.

இந்த மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தோடு போகும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 205 வந்தால் குறைவது பத்தில் ஒன்று என்று தோன்றும், ஆனால் இழுவையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அதனால்தான் காத்தாடியில் சட்டென்று தெரிகிறது.

216-க்குக் கீழே தொடர்ந்து போனால் எண்ணையும் நேரத்தையும் குறித்து வைத்துப் புகார் கொடு. பழைய லயங்களில் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு வயர் இழுத்துக்கொண்டே போயிருப்பார்கள், கடைசி வீட்டுக்குத்தான் அடி அதிகம். உன் வீடு கடைசியா? இன்னொன்று, விளக்கு சில நேரம் மங்கி சில நேரம் கண் கூசுகிற மாதிரி எரிந்தால் அது வேறு, எங்கோ நியூட்ரல் வயர் தளர்ந்திருக்கலாம். அப்போது காலை வரை காத்திருக்காதே, உடனே ஆளைக் கூப்பிடு, டிவியும் ஐஸ்பெட்டியும் புகைந்துவிடும்.

லயத்துக்காரன்:

கடைசிக்கு முந்தின வீடு அண்ணே. மீட்டர் வாங்கிப் பார்க்கிறேன்.

பெர்ஜுந்தை பையன்:

வேறு வயர்மேனை வைத்து 2.5, 450 வோல்ட் போட்டாகிவிட்டது. சாமான் எட்டு வெள்ளி. இப்போது 62 படம், அதாவது 232 சுற்று. சமையலறைக்குக் கொஞ்சம் குறைவு, போதும். நாட்காட்டித் தாள் அடித்துக்கொள்கிறது என்று அம்மா 4-ல் வைத்திருக்கிறார்.

ஆனால் ஒன்று உண்மை, வேகம் ஏறக்குறைய சமையலறை மாதிரியே இருந்தும் சோபா வரைக்கும் காற்று அந்த அளவுக்கு வரவில்லை. அக்கா சொன்ன சீலிங் விஷயம்தானே? ராட் நீளமாகப் போட்டால் சரியாகுமா, எவ்வளவு நீளம்?

பழைய சார்ஜ்மேன்:

நான் முதலில் சொன்ன இரண்டாவது நோய் இதுதான், உனக்கு இரண்டும் இருந்திருக்கிறது. இறக்கைக்கும் சீலிங்குக்கும் ஓர் அடி இருந்தால் நல்லது. இப்போது அரை அடி, ஆகவே இன்னும் அரை அடி இறக்கினால் போதும். உன் சீலிங் ஒன்பது அடி, இறக்கை எட்டு அடியில் நிற்கும். தரையிலிருந்து ஏழு அடிக்குக் கீழே மட்டும் எந்தக் காரணத்துக்கும் வரக் கூடாது, கை தூக்கிச் சட்டை மாற்றுகிற பிள்ளைகள் இருக்கிற வீடு.

ராட் அதே கம்பெனியின் அதே மாடலுக்கு உள்ளதை வாங்கு. சில கடைகளில் தண்ணீர்க் குழாயை வெட்டி ஓட்டை போட்டுக் கொடுப்பார்கள், மலிவாக இருக்கும், வேண்டவே வேண்டாம். நல்ல கனம், ஓயாமல் ஆடுகிற சாமான், ஓட்டை இருக்கிற இடத்தில்தான் உடையும். போல்ட், அதைப் பூட்டுகிற பின், இரண்டும் புதிதாக மாற்றச் சொல். மேலே கொக்கியோடு கட்டியிருக்கும் பாதுகாப்புக் கம்பி பழைய நீளத்தில் எட்டாமல் போகலாம், எட்டவில்லை என்று அதைக் கழற்றி விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், நீ நின்று பார். ராட்டுக்குள் ஓடும் வயரும் முழு நீளமாக இருக்க வேண்டும், நடுவில் முறுக்கி ஒட்டுப் போடக் கூடாது.

ஈஜோக் அக்கா:

இறக்கையைத் துடைத்தீர்களா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே தம்பி. ராட் மாற்ற எப்படியும் மூன்று இறக்கையையும் கழற்றித்தான் ஆக வேண்டும், அப்போது வாசலில் வைத்துச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். எந்த இறக்கை எந்தக் கையில் இருந்தது என்று மார்க்கர் பேனாவால் 1, 2, 3 போட்டுக்கொண்டு கழற்றுங்கள், மாறிப் போனால் ஆட்டம் கண்டுவிடும். ஈரம் போகத் துடைத்த பிறகு மாட்டச் சொல்லுங்கள்.